ரோஜாத் தோட்டமும் மொட்டைக் கடிதாசியும்

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் மறைந்த 1965ஆம் ஆண்டின் டிசம்பரில் வெளியான அவருடைய சிறுகதை ஒன்றில், பாட்டி வைத்த ரோஜாச் செடிகளைப் பேணி வாழும் 71 வயது மூதாட்டி, பகலெல்லாம் கடைத்தெருவில் நலம் விசாரித்துவிட்டு, வீடு திரும்பியதும் வண்ணத்தாளில் மொட்டைப் பென்சிலால், தன் கையெழுத்து தெரியாதபடி, அதே ஊர்க்காரர்களுக்கு மொட்டைக் கடிதாசி எழுதுகிறார்.

காரைக்குடியில் வளர்ந்த எனக்கு இது அயலூர்க் கதையாகவே படவில்லை. திருமணம் பேசி முடித்த பின், பெயரில்லாத ஓர் இன்லேண்டு கடிதத்தால் பேச்சு முறிந்த வீடுகளை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. முகப்பில் அதை வாசித்த பெரியவர், நான்காய் மடித்து மடியில் செருகிக்கொண்டு, வளவுக்குள் இருக்கும் ஆச்சியிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் உண்ணாமல் கிடப்பார்.

அந்த மூதாட்டி எழுதுவது உண்மையையல்ல, வெறும் சந்தேகத்தை. ஆனால் தீமையைத் தடுப்பதாக மனதார நம்புகிறார். (பொறாமையைக்கூட மன்னிக்கலாம், இந்த நம்பிக்கையை மன்னிக்க முடியவில்லை.) கதையில் ஒரு கடிதம் தவறி விழுந்து அவரைக் காட்டிக்கொடுக்கிறது. எங்கள் ஊர்களில் எழுதியவர் அகப்படுவது அரிது. பெண் வீட்டாருக்கு முதலில் ஆறுதல் சொல்ல வருபவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.