அப்பத்தாவின் "காப்பி வேணும்"

பக்கவாதத்துக்குப் பின் எங்கள் அப்பத்தாவின் வாயிலிருந்து வந்தது "அது... அது" என்பது மட்டுமே. ஆனால் நாங்கள் பேசியது பெரும்பாலும் அவருக்கு விளங்கியது. நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்கக் கத்தியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காரைக்குடி வீட்டில் ஒரு நாள், தூளியில் கிடந்த கொள்ளுப்பேரனுக்கு "ஆராரோ" என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல் தாலாட்டு முழுவதையும் பாடி முடித்தார். "ஆச்சிக்குப் பேச்சு வந்துருச்சு" என்று வளவே கூடிவிட்டது. பாட்டு நின்றதும், "என்ன வேணும் அப்பத்தா?" என்று கேட்டேன். "அது... அது" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனப்பாடமான பாட்டும், ஒன்று இரண்டு என்று எண்ணுவதும் தாமாகவே ஓடி வருபவை என்றும், நினைத்ததைச் சொல்லாக்குவது வேறு வேலை என்றும் பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். இந்த வேலைக்கு மூளையின் இடப்பக்க முன்மடல் முக்கியமானது என்பதை, "டான்" என்ற ஓரசையை மட்டுமே சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின், 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் கண்டறிந்தார். பாட்டின் வழியாகப் பேச்சுக்கு வரும் பயிற்சிமுறையை 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அப்பத்தாவுக்கு எடுத்துக்கொண்ட முதல் தொடர் "காப்பி வேணும்". பயிற்சியாளர் அவரது இடக்கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாகக் காப்-பி-வே-ணும் என்று மேசையில் நான்கு தட்டு தட்டவைத்தார். காப், வே இரண்டும் மேல் சுருதி; பி, ணும் இரண்டும் கீழ்ச் சுருதி. முதலில் முணுமுணுப்பு, பின்பு இருவரும் சேர்ந்து, அதன்பின் பயிற்சியாளர் பாதியில் குரலை நிறுத்திக்கொள்ள அப்பத்தா தனியாக, கடைசியில் "என்ன வேணும் ஆச்சி?" என்ற கேள்விக்கு விடையாக. ராகத்தைச் சிறிது சிறிதாகக் கழற்றிவிடுவதுதான் உண்மையான வைத்தியம். பாட வைத்ததோடு நின்றுவிட்டால் தாலாட்டு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

எங்களுக்கும் ஒரு பாடம் இருந்தது. அவர் வாய் திறந்ததுமே நாங்கள் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவோம். அதை நிறுத்தச் சொன்ன பயிற்சியாளர், மிகவும் திணறினால் முதல் எழுத்தின் ஒலியை மட்டும் கொடுக்கலாம் என்றார். அந்த மௌனத்தில் காத்திருப்பது, பெற்ற பிள்ளைகளுக்கே கடினமாக இருந்தது.

மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, நான் டம்ளரை நீட்டினேன். அப்பத்தா இடக்கையால் தொடையில் தட்டினார். "காப்பி..." நான் வாயை மூடிக்கொண்டேன். "சீனி... வேணாம்" என்றார். அந்தச் சீனியை அவருக்கு யாரும் பயிற்றுவிக்கவில்லை.