165 படி ஏற, 181 படி இறங்க

மே 16, 2025, வெள்ளி
அம்மா அப்பாவை ஜெர்மனிக்கு வரவழைக்க, விசாவுக்கான ஸ்பான்சர் லெட்டர் கைக்கு வந்துவிட்டது. 29 யூரோ. அசல்தான் வேண்டும், ஸ்கேன் செல்லாது என்பதால் ஊருக்கு, செஞ்சிக்கு, கூரியரில் அனுப்பினேன். கூரியருக்கு ஆனது லெட்டருக்கு ஆனதை விட அதிகம். சரி.

மே 18
அவர்கள் வந்தால் எங்கே கூட்டிப் போவது? இவருக்கு ரைன் நதிக்கரைதான் வேண்டுமாம். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர், அதற்குள் நாற்பது கோட்டைகளுக்குப் பக்கம் இருக்கின்றன, டாய்ச்லாண்ட் டிக்கெட் 58 யூரோவுக்கு மாதம் முழுக்க லோக்கல் ரயிலில் சுற்றலாம், ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பாதிக் கோட்டையைப் பார்த்துவிடலாம், உன் அம்மா ஒரு படி ஏற வேண்டாம் என்று காலையிலிருந்து ஒரே பிரசங்கம். பாதிக்கு மேல் இடிந்த கோட்டைகள் என்பதை மட்டும் சொல்லவில்லை. 1689இல் பிரெஞ்சுக்காரர்கள் வரிசையாகத் தகர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மலைக்கோட்டைகளில் மார்க்ஸ்பர்க் ஒன்றுதான் யாரும் இடிக்காமல் தப்பியது. அதுவும் பிரவுபாக் ஊருக்கு மேலே உச்சியில் நிற்கிறது.

பெரியவளுக்கு ஒரே நிபந்தனை. உள்ளே போகிற மாதிரி கோட்டையாக இருக்கணும். பாஹராக்கில் ஷ்டாலெக் கோட்டையையே யூத் ஹாஸ்டல் ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று இவர் வாயைத் திறந்துவிட்டார். இனி அவள் விடமாட்டாள். பங்க் பெட்டில் அம்மாவா?

எனக்குத் தெற்கே ஆல்கொய் பக்கம் போகணும். மலை, புல், மாடு. முட்டி வலி முற்றின பிறகு அம்மா இரண்டு மாட்டையும் விற்றாள். அன்றிலிருந்து போனில் பால் விலையைத் தவிர மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மே 21
ஆல்கொய் பக்கத்துப் பெரிய கோட்டை நொய்ஷ்வான்ஷ்டைன். உள்ளே 165 படி ஏறணும். 181 படி இறங்கணும். இறங்குவதுதான் அம்மாவுக்கு வலி.

மே 25
தூக்கம் வராமல் அந்தக் கோட்டையின் வழியை மனப்பாடமே செய்துவிட்டேன். கீழே ஹோஹன்ஷ்வாங்காவ் கிராமத்தில் கார் நிறுத்தணும். அங்கிருந்து நடந்தால் அரை மணிக்கு மேல் ஏற்றம். குதிரை வண்டி இருக்கிறது, அது வாசல் வரை போகாது, கொஞ்சம் கீழேயே இறக்கிவிடும், மிச்சமும் ஏற்றம்தான். பஸ் இருக்கிறது, அது மேலே மரியன் பாலத்துக்குப் பக்கத்தில் விடும், அங்கிருந்து செங்குத்தாக இறங்கி வரணும். இவ்வளவும் தாண்டிப் போனால் டிக்கெட்டில் போட்ட நேரத்துக்கு வாசலில் நிற்கணும், ஐந்து நிமிஷம் பிந்தினால் அவ்வளவுதான். கோடையில் ஒரு நாளைக்கு 6,000 பேர் வருகிற இடம், யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். உள்ளே அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள், போட்டோ எடுக்கக் கூடாது. வீல்சேரில் வருகிறவர்களுக்கு லிஃப்ட் உண்டாம்.

அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். ஏர்போர்ட்டில் வீல்சேர் ஓகே, அங்கே தெரிஞ்சவங்க யாரும் இல்லை. கோட்டையில் மாட்டேன். "நீ போட்டோ புடிச்சி குரூப்ல போடுவ, உங்க பெரியம்மா பாத்துட்டு ஊரெல்லாம் சொல்லுவா."

ஜூன் 3
பதிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃபியூஸன் பக்கம் ஒரு பண்ணை வீடு, ஆகஸ்ட் 9 முதல் 16. அங்கெல்லாம் சனிக்கிழமை நுழைந்து சனிக்கிழமை வெளியேறணும், நடுவாரத்தில் தரமாட்டார்கள். தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி (மெயில் போட்டுக் கேட்டேன், அந்த அம்மா படியைப் போட்டோ எடுத்தே அனுப்பிவிட்டார்). பின்னால் தொழுவம், காலையில் கன்றுக்குட்டிக்குப் பால் கொடுக்க பிள்ளைகளைக் கூப்பிடுவார்களாம்.

ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைப்பது ஜூலை 20 வரைதான்.

ஜூன் 4
ஜூலை 20 போதுமா?

ஜூன் 13
நொய்ஷ்வான்ஷ்டைனைக் கட்டிய அந்தப் பைத்தியக்கார ராஜா லுட்விக் செத்த நாள் இன்று. 1886. நாற்பது வயது. பதவியிலிருந்து இறக்கி, பைத்தியம் என்று முத்திரை குத்தி, ஷ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் வைத்திருந்தார்கள், சாயங்காலம் டாக்டரோடு நடக்கப் போனவர் திரும்பவில்லை, இரண்டு பேருமே தண்ணீரில் கிடந்தார்கள். எப்படி என்று இன்று வரை சண்டை. எனக்கு அதை விட அடுத்து நடந்ததுதான் உறைக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதியே நொய்ஷ்வான்ஷ்டைனைத் திறந்துவிட்டு டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது என்று மலை மேல் கட்டிய மனுஷன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இதை ஏன் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை.

ஜூன் 17
இன்று கைரேகை. செஞ்சியிலிருந்து விடியற்காலை பஸ், சென்னையில் விசா மையம், ஆளுக்கு 90 யூரோவுக்கான ரூபாய், 30,000 யூரோ இன்சூரன்ஸ் பேப்பர், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட். அம்மாவின் விரல் ரேகை சரியாகப் பதியவில்லையாம், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயண நோக்கம் என்ன என்று கேட்டதற்கு அப்பா, "பேத்திக்குக் கோட்டை காட்டப் போறோம்" என்றாராம். அங்கே இருப்பது எங்கள் ஊரில் இல்லாத கோட்டையா என்று அந்தப் பெண் கேட்கவில்லை, நல்லவேளை.

ஜூன் 24
ஒன்றும் இல்லை.

ஜூலை 2
ஆண்டர்நாக்கில் 39.3 டிகிரி. அது ரைன் கரை ஊர். ரைனில் தண்ணீர் குறைந்து சரக்குக் கப்பல்கள் பாதி பாரத்தோடு போகின்றன என்று செய்தி. இவருடைய திட்டம் தானாகவே ஒழிந்தது, நான் எதுவும் சொல்லவில்லை, சிரிக்கக்கூட இல்லை. வீட்டில் ஏசி கிடையாது, ரோலாடனை, அதான் ஜன்னல் ஷட்டரை, முழுக்க இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். சின்னவன் ஜட்டியோடு தரையில்.

விசாவுக்குச் சாதாரணமாக 15 நாள் என்றார்கள். இன்றோடு ஆகிவிட்டது. 45 நாள் வரை இழுக்கலாம் என்றும் விதியில் இருக்கிறது.

ஜூலை 6
டிராக்கிங் பக்கத்தை இவர் என் போனிலிருந்து எடுத்துவிட்டார். லேப்டாப்பில் இருக்கிறது.

அம்மா இட்லிப் பொடி அரைத்தாயிற்று என்கிறாள். வேண்டாம், கொஞ்சம் பொறு என்று கத்திவிட்டேன். "விசா வரலைன்னா நாங்களே தின்னுக்கறோம்டி" என்றாள்.

ஜூலை 12
மத்தியானம் செய்தி. லுட்விக் ராஜாவின் அரண்மனைகள் யுனெஸ்கோ பட்டியலில். நொய்ஷ்வான்ஷ்டைன், லிண்டர்ஹோஃப், ஹெரன்கீம்சே, மலை மேல் இருக்கிற ஷாகன் வீடு, நாலும். போச்சு, இனி கூட்டம் இன்னும் ஏறும் என்று தலையில் கை வைத்த நேரத்தில் அப்பாவிடமிருந்து போன், நான் வாயைத் திறக்கும் முன்னே "நம்மூருக்கு நேத்தே குடுத்துட்டாங்க, தெரியுமா?" என்கிறார். நிஜம்தான். அதே பாரிஸ் கூட்டத்தில், மராட்டியக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்ததில் செஞ்சியும் இருக்கிறது. மற்ற 11ம் மகாராஷ்டிரத்தில். "உங்க ராஜாவுக்கு ஒரு நாள் லேட்டு."

அரை மணி நேரம் நிறுத்தவில்லை. சிவாஜி மகன் ராஜாராம் வந்து ஒளிந்தது, முகலாயப் படை எட்டு வருஷம் சுற்றி உட்கார்ந்தது, 1698இல்தான் பிடித்தது. அந்த நொய்ஷ்வான்ஷ்டைனில் யார் சண்டை போட்டார்கள் என்றார். யாருமே போடவில்லை, அஸ்திவாரம் 1869இல்தான் போட்டார்கள், அப்போது ரயிலே வந்துவிட்டது என்றேன். அப்படி ஒரு அமைதி மறுமுனையில். "அப்போ அது செட்டிங்கா?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் படித்ததில் அந்த ராஜா மேல் ஒரு இது வந்துவிட்டது போல.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்கு அம்மா கல்யாணமான புதிதில் ஒரே மூச்சில் ஏறினாளாம். இதை இன்றுதான் சொல்கிறார்.

ஜூலை 15
நொய்ஷ்வான்ஷ்டைன் வேண்டாம். முடிவு. மரியன் பாலத்துக்கு இவர் பிள்ளைகளைக் கூட்டிப் போகட்டும், நாங்கள் மூன்று பேரும் கீழே ஏரிக்கரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொள்கிறோம். உள்ளே போவது லிண்டர்ஹோஃபுக்கு. சின்னது, தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது, ஷாகன் வீட்டை விட்டால் லுட்விக் உயிரோடு இருக்கும்போதே முடிந்தது அது ஒன்றுதான். சாப்பாட்டு மேசையைக் கீழே சமையலறைக்கு இறக்கி, பரிமாறி, மேலே ஏற்றுவார்கள். வேலைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தனியாகச் சாப்பிட. அம்மாவிடம் சொன்னேன். "தனியா திங்கறதுக்கா அவ்ளோ பெரிய வீடு" என்றாள், அப்புறம், "கீழ சமைச்சவ எப்போ சாப்புடுவா?"

படி எத்தனை என்று லிண்டர்ஹோஃபுக்கும் மெயில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 17
பதில் இல்லை. யாரிடமிருந்தும்.

ஜூலை 20, ஞாயிறு
ராத்திரி பன்னிரண்டுக்குள் ரத்து செய்யணும். இவர் கணக்குப் போட்டுக் காட்டினார், சரியான கணக்குதான். அவர்கள் வரவில்லை என்றால் நாம் நாலு பேர் மட்டும் போகலாமே, வீடு வீடுதானே என்றார். அதுவும் சரிதான். அம்மா இல்லாமல் அந்தத் தொழுவத்தில் நான் போய் நின்று என்ன செய்ய? பதினொன்றே முக்கால் வரை ரத்து பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுக்கவில்லை. போனால் போகட்டும்.

ஜூலை 21
பாஸ்போர்ட் கூரியரில் கிளம்பிவிட்டது என்று மெசேஜ். கவருக்குள் என்ன முடிவு என்று சொல்லமாட்டார்கள்.

ஜூலை 22
வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். ஆனால் தொடங்கும் தேதியை ஆகஸ்ட் 7 என்று போட்டிருக்கிறார்கள், அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் ஃபிளாஷ் அடித்து 7ஆ 1ஆ என்றே தெரியவில்லை, மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் விலை காலையிலிருந்து இரண்டு தடவை ஏறிவிட்டது. அம்மா பின்னாலிருந்து ஊறுகாய் கொண்டு வரலாமா, பத்திரமாகப் போகுமா என்று கேட்கிறாள். போன் மறுபடி அடிக்கிறது, அப்புறம்