போடாத ஊசிக்கு வந்த சான்றிதழ்

2021 டிசம்பர் மாத நடுவில் ஓர் இரவு, அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டின் இரண்டாம் தவணை தங்களுக்கு வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது, சான்றிதழைப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அம்மா அன்று முழுவதும் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, மழைக்குப் பயந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "போடாததைப் போட்டதாக எழுதுகிறவர்கள், போட்டதைச் சரியாகத்தான் போட்டார்கள் என்று எப்படி நம்புவது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிவை நீக்கி உண்மையான இரண்டாம் தவணையைப் போட்டுக்கொள்ள ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது. அந்த அலைச்சலைச் சொல்வதற்கு முன்பு, அம்மாவை முதல் ஊசிக்கு அழைத்துச் செல்ல நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் குறுஞ்செய்தி குலைத்தது அப்படிச் சேர்த்த நம்பிக்கையைத்தான்.

அம்மா 1953இல் பிறந்தவர். இடது தோளில் அம்மை குத்திய தழும்பு இன்னும் வட்டமாக இருக்கிறது. ஆகவே ஊசி என்றாலே ஒதுங்குகிறவர் அல்லர். அதே சமயம், 1950களின் நடுவில் ராஜாஜி காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசித் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்தபோது அவர் பேச்சைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஊசியே வேண்டாம் என்று மறுத்த தகப்பனாரின் மகளும் அவர்தான். தடுப்பூசியைச் சந்தேகிப்பவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள், வாட்ஸ்அப் வதந்தியில் விழுந்தவர்கள் என்று பேசப்பட்டபோதெல்லாம் எனக்குத் தாத்தாவின் நினைவு வரும். நாட்டின் முதல் இந்தியத் தலைமை ஆளுநராக இருந்தவரே சந்தேகம் கிளப்பிய ஊர் இது.

2021 மார்ச் 1 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. நாள் பார்த்துப் போகலாம் என்று அம்மா ஒருவழியாக ஒப்புக்கொண்டது ஏப்ரல் இரண்டாவது வாரத்தில். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கே சென்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு; 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறைச் செயலாளரும் மாரடைப்பு வந்த அன்றே விளக்கினார்கள். ஆனால் விளக்கம் எவ்வளவு விரைவாக வந்ததோ அவ்வளவு விரைவாகவே அம்மா அதைச் சந்தேகித்தார். பல மாதங்கள் கழித்து, அக்டோபரில், பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு இது தற்செயல் நிகழ்வு என்று முடிவு சொன்னது. அந்தச் செய்தியை எங்கள் தெருவில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஏப்ரல் செய்தியைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

இதற்கிடையில் இரண்டு தவணைகளுக்கு இடையிலான காலம் மாறிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரம் என்றார்கள். மார்ச் இறுதியில் அது எட்டு வாரம் வரை நீண்டது. மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்று ஆனது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் கூடுகிறது என்பதற்குப் பிரிட்டனில் கிடைத்த தரவுகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் மருந்து தட்டுப்பாடாக இருந்த அதே மாதத்தில் அறிவிப்பு வந்ததால், மருந்து இல்லாததால்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். "ஊசி அதேதான், மாதம் மட்டும் மாறுகிறதா?" என்று அம்மா கேட்டார். அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும் என்பதை ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் புரிந்துகொண்டிருப்பார். அறிவிப்பாக மட்டும் வந்தால் அது தடுமாற்றமாகத்தான் தெரியும்.

மனம் மாறியது ஜூலையில். எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. கையோடு கொண்டுவந்த கருவியால் இரத்த அழுத்தம் பார்த்தார். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகுதான், "அம்மா, போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம், கை இரண்டு நாள் வலிக்கலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்றார். விவேக்கைப் பற்றி அம்மா கேட்டதற்கு, சிரித்து மழுப்பாமல், இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். மொத்தம் அரை மணி நேரம். மூன்று மாதமாக நான் அனுப்பிய காணொளிகள் செய்யாததை அந்த அரை மணி நேரம் செய்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று எங்களைக் காக்கவைத்தார்கள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் ஆள் சேரும்வரை திறப்பதில்லை. ஏழு பேர் இருந்தோம். எட்டாவது, ஒன்பதாவது ஆளைத் தேடிச் செவிலியர் பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய் அழைத்து வந்ததை அம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைத்து, பாராசிட்டமால் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாம் தவணை அக்டோபரில் வந்திருக்க வேண்டும். காலில் புண் வந்து காய்ச்சலும் சேர்ந்ததால் மருத்துவரே தள்ளிப்போடச் சொன்னார். இந்தக் காலத்தில்தான் தமிழகம் முழுவதும் வாரந்தோறும் மெகா முகாம்கள் நடந்தன. செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் முகாமிலேயே, இருபது லட்சம் இலக்கு வைத்து அதைத் தாண்டி இருபத்தெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியும் மதுவும் எடுத்துக்கொள்பவர்கள் ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது, மக்கள் மனத்தை அறிந்து செய்த காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இலக்கு என்ற ஒன்று வந்துவிட்டால், தவணை தவறியவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஊழியரின் தலைமேலும் தொங்கத் தொடங்கும். அந்தப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருந்தது.

குறுஞ்செய்தி வந்த மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனேன். இணையத்தில் முன்பதிவு செய்தவர்களிடம் நான்கு இலக்க ரகசிய எண் கேட்டுச் சரிபார்க்கும் ஏற்பாடு மே மாதத்திலேயே வந்துவிட்டது. ஆனால் நேரில் வருபவர்களுக்கு அது கிடையாது, அங்கேதான் ஓட்டை. தரவு ஏற்றுபவர் பக்கத்து வரியைத் தவறுதலாகத் தொட்டாரா, எண்ணிக்கைக்காகத் தெரிந்தே தொட்டாரா என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் அழுத்திக் கேட்கவில்லை. ஊசியையாவது போடுங்கள் என்றேன். இரண்டு தவணையும் முடிந்ததாகக் காட்டும் எண்ணுக்குக் கணினி மறுபடி ஏற்காது என்றார்கள். மாநிலச் சுகாதார உதவி எண்ணான 104க்கு அழைத்தேன், மத்திய அரசின் கொரோனா உதவி எண்ணான 1075க்கு அழைத்தேன். சான்றிதழில் பெயர், பிறந்த ஆண்டு, பாலினம் மாற்ற வழி உண்டு, தவணையை நீக்க வழியில்லை என்பதே கிடைத்த பதில். வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டேன். அந்தத் தாள் பின்னால் எதற்கும் பயன்படவில்லை என்றாலும், எழுதிக் கொடுத்தது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது அந்தச் சான்றிதழுக்கு மதிப்புக் கூடிக்கொண்டிருந்தது. தடுப்பூசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதியில்லை என்று நவம்பரில் பொதுச் சுகாதாரத் துறை உத்தரவிட்டிருந்தது. டிசம்பரில் பக்கத்து மாவட்டமான மதுரையில் அதைக் கண்டிப்பாக்குவதாக அறிவித்தார்கள். "சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே, பேசாமல் இருங்கள்" என்று உறவினர் பலர் அறிவுரை சொன்னார்கள். அலுவலகத்தில் இருந்த ஒருவரும் அதையே சொன்னார். நோயைத் தடுக்கப் பிறந்த தாள், கதவைத் திறக்கும் தாளாக மாறிவிட்டிருந்தது. ஊசி போட விருப்பமில்லாதவர்கள் இப்படி ஒரு தவறு தங்களுக்கும் நேராதா என்று கேட்டதையும் நான் காதால் கேட்டேன்.

2022 ஜனவரி மூன்றாவது வாரத்தில், தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் இணையதளத்தில், தவறாகப் பதிவான தவணையைத் திரும்பப் பெறும் வசதி சேர்க்கப்பட்டது. அது சேர்க்கப்பட்டதே, இந்தத் தவறு எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி. அம்மாவின் கைபேசி எண்ணால் நுழைந்து, குறை பதிவு செய்யும் பகுதியில், இரண்டும் முடிந்தது என்பதை ஒன்று மட்டும் முடிந்தது என்று மாற்றக் கோரினேன். மூன்று முதல் ஏழு நாள் ஆகும் என்று இருந்தது. ஆறாம் நாள் பழைய சான்றிதழ் மறைந்து, முதல் தவணைச் சான்றிதழ் திரும்பி வந்தது. இதே சிக்கலில் இருந்தவர்களுக்கு நான் சொன்னது இரண்டுதான்: முதல் தவணைச் சான்றிதழின் அச்சுப் படியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், பதிவு மாறியதைத் திரையில் பார்த்த பிறகே ஊசிக்குப் போங்கள்.

அம்மாவை மறுபடி சம்மதிக்கவைத்தது நான் அல்ல. அதே கிராம சுகாதார செவிலியர் வந்தார். "இது எங்கள் பக்கத் தவறு அம்மா. உங்களுக்கு இரண்டாவது ஊசி போடவில்லை என்பது எனக்குத் தெரியும்" என்று வாசலிலேயே சொன்னார். பட்டியலின் அழுத்தத்தில் இருந்த ஒருவர் அதைச் சொல்வது எளிதல்ல. பிப்ரவரியில் அம்மா போட்டுக்கொண்டார்.

மே 2 அன்று, யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்விளைவுத் தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நாளிதழில் இருந்து அதை வாசித்தபோது அம்மா, இரண்டாவது பகுதியைத்தான் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

ஆகஸ்டில் மூன்றாவது ஊசிக்குப் போனபோது, குப்பியைக் காட்டச் சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வீடு திரும்பியதும் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, குறுஞ்செய்தி வரும்வரை மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. வந்ததும் தேதியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.