நிறங்கள் ஓடலாம்

புதுச் சட்டையின் உள்பக்கம் தைத்திருக்கும் துண்டுப் பட்டையில் 'கலர்ஸ் மே ரன்' என்று இருக்கும். மொழிபெயர்ப்பு ஆப்பிடம் கொடுத்தால் சில சமயம் 'நிறங்கள் ஓடலாம்' என்று துப்பிவிடும். சாயம் போகும், தனியாகத் துவைக்கவும், அவ்வளவுதான் சேதி.

இந்த 'ரன்' லேசுப்பட்ட சொல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள். ரொம்ப நாள் அதுதான் முதலிடத்தில் இருந்தது. 2011-ல் 'ரன்' பகுதியைத் திருத்தி எழுதியபோது வினையாக மட்டுமே 645 தேறியது. பீட்டர் கில்லிவர் என்கிற அகராதி ஆசிரியர் இந்த ஒற்றைச் சொல்லோடு ஒன்பது மாதம் போல மல்லுக்கட்டியிருக்கிறார்.

645-ஐயும் மனப்பாடம் பண்ண முடியாது, தேவையும் இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

முதலில் எழுவாய். பஸ், இஞ்சின், சினிமா என்றால் கவலையில்லை, தமிழிலும் ஓடத்தான் செய்கின்றன. மூக்கு என்றால் ஒழுகுகிறது. குழாய் என்றால் திறந்து கிடக்கிறது. வேட்பாளர் என்றால் அமெரிக்காவில் 'ரன்' பண்ணுவார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' பண்ணுவார். நம் ஆட்களும் தேர்தலில் நிற்பவர்கள்தான். ஜெயித்த பிறகு தொகுதிப் பக்கம் வராமல் ஓடுவது தனிக் கணக்கு.

அடுத்து செயப்படுபொருள். கடையை 'ரன்' செய்தால் நடத்துகிறார்கள். ஃபீவர் வந்தால் காய்ச்சல் அடிக்கிறது. 'ரன் எ பாத்' என்றால் தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பது. குளித்துக்கொண்டே ஓடுவதாக நினைத்துவிட வேண்டாம். 'ரன் எ ரெட் லைட்' என்றால் சிவப்பு சிக்னலை மதிக்காமல் வண்டியை விடுவது.

கடைசியில் பின்னால் ஒட்டும் குட்டிச் சொல். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். 'அவுட் ஆஃப்' சேர்ந்தால் தீர்ந்துபோச்சு. 'இன்டு' சேர்ந்தால் இன்னொரு படி பார்க்க வேண்டும்: சுவர் என்றால் மோதினார், பழைய சிநேகிதர் என்றால் எதிர்பாராமல் சந்தித்தார். 'ஓவர்' சேர்ந்தால் கூட்டம் நேரத்தைத் தாண்டி இழுத்திருக்கலாம், அல்லது யார் மீதோ வண்டி ஏறியிருக்கலாம். அவசரப்பட்டு மொழிபெயர்த்தால் வம்பு.

அகராதியைப் புரட்டியதும் முதல் பொருளை எடுத்துக்கொள்வதும் கெட்ட பழக்கம். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி வரலாற்று வரிசைப்படி போகும். முதலில் இருப்பது பழசாக இருக்கும், இன்று வழக்கில் இல்லாததாகக்கூட இருக்கலாம். கற்பவர்களுக்கான அகராதிகளில் பெரும்பாலும் அதிகம் புழங்கும் பொருள் மேலே வரும். இன்னொன்று: 'பேட்' என்று தேடினால் தலைச்சொல்லின் தோளில் பொடி எழுத்தில் 1, 2 என்று எண் இருக்கும். வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்ட சொற்கள் என்பதற்கு அடையாளம் அது. 'ரன்' வினைக்கு அப்படியில்லை, ஒரே மரம், 645 கிளை.

இதைப் பார்த்து மலைக்க நமக்கு உரிமை இல்லை. வெயில் அடிக்கும், பெயிண்ட் அடிப்போம், அரட்டை அடிப்போம், பரீட்சையில் காப்பி அடிப்போம், லாட்டரி அடிக்கும். இத்தனையிலும் யாருக்கும் அடி விழவில்லை. தமிழ் கற்க வருகிற வெளிநாட்டுக்காரரிடம் கேட்டால் தெரியும் அவர் படும் பாடு.

'ரன்' போலவே கவிழ்க்கிற இன்னொன்று 'ஃபாஸ்ட்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உறுதி, அசையாமை என்றுதான் பொருள். வேகம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. விரதத்தைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்'டும் அதே வேர்தான், நியமத்தை உறுதியாகப் பிடிப்பதிலிருந்து வந்தது. உறுதி என்ற அர்த்தம் இன்னும் சாகவில்லை: 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். 'கலர் ஃபாஸ்ட்' என்றால் சாயம் போகாது. மைதானத்தில் 'ரன்'னும் 'ஃபாஸ்ட்'டும் கூட்டாளிகள், துணியில் மட்டும் ஜென்மப் பகை.

கடல் தாண்டினால் அர்த்தம் தலைகீழாகும் சொற்களும் உண்டு. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 'டேபிள்' செய்வது, மசோதாவையோ அறிக்கையையோ அவையின் முன் வைப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கிடப்பில் போடுவது என்று பொருள். இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டு அதிகாரிகளும் ஓர் ஆவணத்தை 'டேபிள்' செய்வது பற்றி நெடுநேரம் வாக்குவாதம் செய்ததாக சர்ச்சில் எழுதியிருக்கிறார்; இரு தரப்பும் விரும்பியது ஒன்றையேதான். எனவே வாஷிங்டன் செய்தியில் 'மசோதா டேபிள்டு' என்று பார்த்தால், 'தாக்கல்' என்று தட்டுவதற்கு முன் அடுத்த பத்தியையும் படித்துவிடுங்கள்.