மாங்கனீசு ஆக்சைடு படலம்: துளையைக் காப்பாற்றுவதுதான் வேலை

சூப்பர் கெபாசிட்டருக்கான (மின்னூட்டத்தை நிறையச் சேமித்து வேகமாகத் தரும் மின்தேக்கி) மாங்கனீசு டை ஆக்சைடு படலத்தை மின்படிவு முறையில், அதாவது கரைசலில் மின்னோட்டம் செலுத்தி, ஏற்றுவது சுலபம். துளைகள் மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் சிரமம். துளை அடைபட்டால் மேற்பரப்பு மட்டுமே மின்னூட்டத்தைத் தாங்கும்; அடியில் கிடப்பது வெறும் சுமை.

படிவுக் கரைசலுக்கு, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 2.45 கிராம் மாங்கனீசு அசிட்டேட் டெட்ராஹைட்ரேட், 1.42 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட். இரண்டும் 0.1 மோலார். மாங்கனீசு சல்பேட்டிலும் படியும். ஆனால் ஒவ்வொரு மாங்கனீசு அயனி படியும்போதும் நான்கு புரோட்டான்கள் வெளிவருகின்றன, கரைசல் அமிலமாகிக்கொண்டே போகும். அசிட்டேட் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் என் ஓட்டு அதற்கே.

கிராஃபைட் தகட்டை நைசான உப்புத்தாளால் தேய்த்து எத்தனாலில் கழுவுங்கள். விரல் பட்ட இடத்தில் படலம் உரியும். பின்பக்கத்தை டேப் ஒட்டி மறைக்காவிட்டால் பரப்புக் கணக்கே தப்பு. தகடு நேர்மின்முனை, எதிரே பிளாட்டினம். சதுர செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர் போதும். ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு 0.45 மி.கி. படியும், ஆக 450 வினாடியில் சதுர செ.மீ.க்கு 0.2 மி.கி. அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் ஆக்சிஜன் குமிழி கிளம்பி, படலம் பொடியாக உதிரும்.

பெரும்பாலான படலங்கள் கெடுவது உலர்த்தும்போதுதான். நீர் ஆவியாகையில் அதன் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுக்கிறது. வறண்ட ஏரி மண் போல வெடிப்பு விழும். நீரில் அலசியதும் எத்தனாலில் சில நிமிடம் ஊறவிடுங்கள். அதன் இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அறை வெப்பத்தில் உலரவிட்டு, பிறகு 80 டிகிரி செல்சியஸில் வைக்கலாம். 200-ஐத் தாண்ட வேண்டாம்: உள்ளே கட்டுண்ட நீர்தான் அயனிகளுக்கு வழி. இன்னும் சூடேற்றினால் படிகங்கள் பெருத்துத் துளை சுருங்கும். 500-க்கு மேல் அது வேறு ஆக்சைடாகவே மாறத் தொடங்கும்.

சோதனைக்கு 1 மோலார் சோடியம் சல்பேட், வெள்ளி–வெள்ளி குளோரைடு முனைக்கு எதிராக 0 முதல் 0.8 வோல்ட். இந்த வீச்சில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைந்தால் ஒரு வளையம் கிடைக்கும். வினாடிக்கு 5 மில்லிவோல்ட் வேகத்தில் அது செவ்வகமாக இருந்து, 100-இல் இலை வடிவமாகச் சாய்ந்தால், மின்தடை அதிகம் அல்லது துளை குறுகல். பூச்சியத்துக்குக் கீழே அதிகம் இறக்கினால் மாங்கனீசு கரைசலுக்குள் போய்விடும்.

கிராமுக்கு இத்தனை ஃபாரட் (மின்தேக்குத் திறனின் அலகு) என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மாங்கனீசு அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் இந்த 0.8 வோல்ட் வீச்சில் கோட்பாட்டு அளவு ஏறக்குறைய 1,390. சில மைக்ரோகிராம் படலத்தில் அதை நெருங்கலாம்; சில மில்லிகிராம் ஏற்றினால் 200 பக்கம் வந்து நிற்கும். சதுர செ.மீ.க்கு எவ்வளவு ஃபாரட், எவ்வளவு எடை என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.