கொரோனா காலத்து பெர்லின்: குப்பைத் தொட்டி, லிண்டன் மரம், அடிபம்பு

2020 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றிய படங்கள் பலருக்கு நினைவிருக்கும். ஜலந்தரில் மொட்டைமாடியில் நின்றால் தௌலாதார் பனிமலை தெரிகிறது, டெல்லி வானம் நீலமாகிவிட்டது, வெனிஸ் கால்வாயில் தண்ணீர் தெளிந்துவிட்டது. கூடவே ‘பூமி மூச்சு விடுகிறது, மனிதன்தான் கிருமி’ என்கிற மாதிரி வாசகங்கள். எனக்கு அவை அப்போதே பிடிக்கவில்லை. மூச்சுத் திணறி மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. வேலை போய், கூலி போய், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊர் நோக்கி நடந்தவர்களின் மாதம். அந்த நீல வானத்துக்கு விலை கொடுத்தது அவர்கள்தான், அதை யாரும் படத்துக்குக் கீழே எழுதவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நானும் கணவரும் சென்னையிலிருந்து பெர்லின் வந்திருந்தோம். பாங்கோ பகுதியில் உள்முற்றம் வைத்த ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில் வீடு. வந்த சுருக்கில் மார்ச் நடுவில் எல்லாம் மூட ஆரம்பித்தது. ஜெர்மன் வகுப்பு நின்றது, விசா அட்டைக்கான சந்திப்பு தள்ளிப்போனது, மார்ச் 22 முதல் வெளியில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது, மற்றவர்களிடமிருந்து 1.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று நாடு முழுக்க விதி வந்தது. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை, இந்தியா அதே வாரம் வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. யாரையும் தெரியாத ஊரில், மொழியும் வராமல், வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு நாட்டைப் பழகுவது எப்படி? எனக்கு அது குப்பையில் தொடங்கியது.

முற்றத்தில் வரிசையாகத் தொட்டிகள். காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறை, டப்பா வகையறாவுக்கு ஒன்று, காய்கறித்தோலுக்கும் மிச்சச் சாப்பாட்டுக்கும் பழுப்பு நிறத்தில் ஒன்று, இவற்றில் எதிலும் சேராததற்கு ஒன்று. கண்ணாடிக்குத் தனி, அதிலும் வெள்ளைக் கண்ணாடி வேறு, நிறமுள்ளது வேறு. பாட்டிலையோ கேனையோ தூக்கிப் போடவே கூடாது, சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்ப வரும். வெளிநாடு வந்தவர்கள் இதையெல்லாம் ஏதோ அதிசயம்போல எழுதுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்ததையும், பால்கவரைக் கழுவிக் காயவைத்து காயலான் கடையில் போட்டதையும் பார்த்து வளர்ந்தவள் நான். பொருளை வீணாக்காத புத்தி நம்மிடம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் இல்லாமல் போனது அந்தப் புத்திக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஏற்பாடு. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டில் பிரித்து வைத்தாலும் இரண்டும் ஒரே வண்டியில் விழுந்து கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போவதைக் கண்ணால் பார்த்த பிறகு எத்தனை நாளைக்கு ஒருத்தி பிரித்துக்கொண்டிருப்பாள்? இங்கே பிரிப்பதற்குப் பொருள் இருந்தது, ஏனென்றால் வருகிற வண்டியும் பிரிந்தே வந்தது.

அந்த ஏற்பாடும் கொரோனாவில் ஆட்டம் கண்டது. தொற்று இருக்கும் வீட்டில் குப்பையைப் பிரிக்க வேண்டாம், டிஷ்யூவோ பிளாஸ்டிக்கோ மிச்சச் சாப்பாடோ எல்லாவற்றையும் கிழியாத பையில் இறுகக் கட்டி, எதிலும் சேராத, எரிக்க அனுப்பும் குப்பைக்கான தொட்டியிலேயே போடுங்கள் என்று சுற்றுச்சூழல் அமைச்சகமே சொன்னது. குப்பை அள்ளுபவருக்குத் தொற்றிவிடக் கூடாதே. அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கும் தொற்று வந்தது, நாங்களும் அப்படித்தான் செய்தோம். கண்ணாடியும் காலி பாட்டில்களும் மட்டும் தனிமை முடியும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதால் சமையலறை மூலையில் குவிந்துகொண்டே போயின. உடம்பு வலியோடு அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் இரண்டு பேர் எவ்வளவு சேர்க்கிறோம் என்பது உறைத்தது. வழக்கமான நாளில் மூன்று மாடி இறங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம் இல்லையா.

இன்னொன்றும் அப்போது கவனித்தேன். இங்கே தெருவில் உள்ள குப்பைக்கூடைகளில் கைவிட்டுக் காலி பாட்டில் எடுப்பவர்கள் உண்டு, பெரும்பாலும் வயதானவர்கள், ஓய்வூதியம் போதாதவர்கள். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பாட்டிலைக் கூடைக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். ஊரடங்கில் கால்பந்து இல்லை, கச்சேரி இல்லை, பூங்காவில் கூட்டம் இல்லை, ஆகவே பாட்டிலும் இல்லை. தெரு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்று தெரியாது.

முகக்கவசக் கதை சுருக்கமானது. ஏப்ரல் கடைசியில் கடைகளிலும் வண்டிகளிலும் கட்டாயமானபோது கடையில் கிடைக்கவில்லை, கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக்கொண்டோம், துவைத்துத் துவைத்துக் கட்டினோம். 2021 ஜனவரியில் துணி போதாது, மருத்துவக் கவசம்தான் வேண்டும் என்றார்கள். அது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கவசம் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். அந்த வசந்தத்தில் பனி உருகியபோது நடைபாதை ஓரமெல்லாம் நீலக் கவசங்கள் கிடந்தன.

இப்போது விமானத்தைப் பற்றி. எங்கள் வீடு டெகல் விமான நிலையத்தில் இறங்கும் பாதைக்கு நேர் கீழே. வந்த புதிதில் சில நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் இரைச்சல், ஜன்னல் அதிரும், போனில் பேச முடியாது. ஏப்ரலில் அது கிட்டத்தட்ட நின்றுபோனது. முற்றத்தில் பிளாக்பேர்டு பாடுவது மூன்றாம் மாடிவரை கேட்டது, அக்கம்பக்கத்தவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஜூனில் தாத்தா போய்விட்டார். போக முடியவில்லை. அம்மா வீடியோவில் காட்டினாள், “நீ வந்து என்னடி ஆகப்போகுது, அங்கேயே பத்திரமா இரு” என்று அவளே என்னைத் தேற்றினாள். அதற்கப்புறம் அந்த அமைதியை என்னால் பழையபடி ரசிக்க முடியவில்லை. டெகல் அந்த நவம்பர் 8ஆம் தேதி நிரந்தரமாக மூடப்பட்டது, ஊருக்குத் தெற்கே புதிய நிலையம் வந்துவிட்டது. எங்களுக்கு இரைச்சல் போயிற்று, வேறு யார் தலைக்கோ மேலே அது போயிற்று. விமானம் எவ்வளவு கரியமில வாயுவைக் கொட்டுகிறது என்று தெரிந்தும், அம்மாவைப் பார்க்க விமானம் ஏறுகிறேன். இதற்கு என்னிடம் விடை கிடையாது. கோடையில் கரீபியன் தீவுக்குப் போவதும் தாயைப் பார்க்கப் போவதும் ஒரே கணக்கில் எழுதப்படுகிறது என்பது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்கு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். உலகம் பெரும்பாலும் வீட்டுக்குள் அடைந்திருந்த அந்த ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாளைய கரியமில வாயு வெளியீடு, 2019இன் தினசரி சராசரியைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் குறைவு சுமார் 5 சதவீதம்தான், 2021இல் அதுவும் பெரும்பாலும் திரும்ப ஏறிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் ஹவாயின் மௌனா லோவா நிலையம் 2020 மே மாதத்துக்குப் பதிவு செய்த காற்றிலுள்ள கரியமில வாயு அளவு 417 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அதற்கு முந்தைய மே மாதத்தைவிட 2 பிபிஎம்முக்கு மேல் அதிகம். குழாயைக் கொஞ்சம் திருகினோம், தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. இவ்வளவு துன்பப்பட்டும் இவ்வளவுதான் குறைந்தது என்றால், மனிதர்கள் அடங்கிக் கிடந்தால் பூமி சரியாகிவிடும் என்கிற பேச்சு எவ்வளவு பொய்யானது! கரி மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் இருந்தாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாற வேண்டியவை அவை. யாரும் தீர்மானித்து வராத நீல வானம், யாரும் தீர்மானிக்காமலே போய்விட்டது.

தீர்மானித்துச் செய்தவை வேறு மாதிரி நின்றன. மார்ச் கடைசியிலேயே குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் சாலையில் ஒரு தடத்தை எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, சிவப்பு வெள்ளைத் தடுப்புகளை வைத்து சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரயிலில் நெருக்கியடித்துப் போகப் பயந்தவர்களுக்கு அது வழி. செப்டம்பரில் ஒரு நீதிமன்றம் அவற்றை எடுக்கச் சொன்னது, மேல் நீதிமன்றம் இருக்கட்டும் என்றது, கொட்புசர் டாம் போன்ற சாலைகளில் அது நிரந்தரமாகவே ஆகிவிட்டது. நான் இந்த ஊரில் சைக்கிள் ஓட்டத் துணிந்தது அந்த மஞ்சள் கோட்டுக்குள்தான்.

ஆனால் என்னை இந்தத் தெருக்காரி ஆக்கியது ஒரு மரம். பெர்லினில் தெருவோரம் அதிகம் இருப்பது லிண்டன், எங்கள் வாசலிலும் அதுதான், இளங்கன்று, இன்னும் முட்டுக்கம்போடு நின்றது. 2018, 2019 இரண்டும் இங்கே கடும் வறட்சி, 2020 ஏப்ரலிலும் மழை கிட்டத்தட்ட இல்லை, வெயில் மட்டும் கொளுத்தியது. கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர் தினமும் மாலை வாளியோடு வெளியே போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு நாள் பின்னாலேயே போனேன். தெருமுனையில் நிற்பது அடிபம்பு! பச்சை வண்ணம் அடித்த, கனமான இரும்புக் கைப்பிடி வைத்த அடிபம்பு. போரோ பேரிடரோ வந்து குழாய்நீர் நின்றுபோனால் உதவட்டும் என்று இந்த நகரம் இப்படிச் சுமார் 2000 பம்புகளைத் தெருக்களில் வைத்திருக்கிறது. குடிக்கும் நீர் இல்லை, ஆனால் மரத்துக்கு அது போதும்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்த உணர்வை விளக்க 2019க்குப் போக வேண்டும். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடை. மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்ற கைகள் இவை. பாத்திரம் கழுவிய நீரைச் செடிக்கும், துணி துவைத்த நீரைக் கழிவறைக்கும் என்று சொட்டுக் கணக்கு பார்த்த வீடு எங்களுடையது. அதனால் பாட்டி கைப்பிடியை அடிக்கத் திணறியபோது நான் கேட்காமலே போய் அடித்தேன், அது மட்டும் எனக்கு மொழி இல்லாமலே தெரிந்த வேலை. அவர் 1.5 மீட்டர் தள்ளி நின்று சிரித்தார். “நீங்கள் இதை முன்பே செய்திருக்கிறீர்கள்” என்று மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்.

அந்த வேனில் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டோம், என் ஜெர்மன் பெரும்பாலும் அங்கே வாளியும் கையுமாகக் கற்றதுதான். தினமும் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும், வாரம் ஒருமுறை வாளி வாளியாக ஊற்றினால்தான் ஆழமாக இறங்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அரிசி களைந்த நீரைக் கொண்டுவந்தபோது முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். அதே ஆண்டில் சிட்டிலேப் பெர்லின் என்கிற நகரத்தின் புதுமை ஆய்வகம் ‘கீஸ் டென் கீட்ஸ்’ (‘உன் பேட்டைக்கு நீர் ஊற்று’ என்கிற மாதிரி பொருள்) என்றொரு இணையத்தளத்தைத் தொடங்கியது. நகரத்தின் தெரு மரங்கள் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு புள்ளி, என்ன வகை, எந்த ஆண்டு நட்டது, கடந்த 30 நாளில் எவ்வளவு மழை, பக்கத்தில் பம்பு எங்கே என்பதெல்லாம் இருக்கும், நீர் ஊற்றியதை நாமே பதிந்துவிடலாம். பாட்டிக்கு அதில் நம்பிக்கை இல்லை, நான்தான் இருவருக்குமாகப் பதிந்தேன்.

பெர்லினுக்குப் புதிதாக வருபவர்கள், முக்கியமாக வீட்டிலேயே இருந்து யாரையும் தெரியாமல் திணறுபவர்கள், அந்த வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். மே முதல் செப்டம்பர்வரை மழை இல்லாத வாரங்களில் இளமரங்களுக்குத்தான் நீர் அவசரம், பெரிய மரங்கள் ஓரளவு தாங்கும். கைப்பிடி முதலில் இறுக்கமாக இருக்கும், விடாமல் அடியுங்கள், சில நேரம் பழுப்பாக வரும், கொஞ்ச நேரத்தில் தெளியும். மாலை ஆறு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் யாராவது வாளியோடு வருவார்கள்.