ஒன்பதுக்குப் பின் பத்து வரவில்லை

நேற்றிரவு, ஜாவா இணையச் செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரில் எங்கள் செயலியின் பத்தாம் பதிப்பை ஏற்றினேன். சர்வரின் பதிவேடான லாகில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் புதிதாக உள்நுழைந்தவர்களுக்குக்கூடப் பழைய பக்கமே வந்துகொண்டிருந்தது. பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலான கேஷ்தான் காரணம் என்று நம்பி அரை மணி நேரத்தை வீணடித்த பிறகே கோப்பின் பெயரைக் கவனித்தேன்.

டாம்கேட் 7 முதல், செயலி முழுவதையும் பொதிந்து வைக்கும் வார் (WAR) கோப்பின் பெயரில் இரண்டு ஹேஷ் குறிகளையும் (##) பதிப்பு எண்ணையும் சேர்த்தால், ஒரே செயலியின் இரு பதிப்புகளும் ஒருங்கே இயங்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் செஷன், அதாவது அவர்களின் நடப்பு அமர்வு, பழைய பதிப்பிலேயே தொடர, புதிதாக வருபவர்கள் மட்டும் புதியதற்குச் செல்வதால், பட்டப்பகலிலும் யாரையும் வெளியேற்றாமல் புதிய பதிப்பை ஏற்றிவிடலாம். ஆனால் அந்த எண்ணை டாம்கேட் எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்துச் சரமாகவே, அகராதியில் போல இடமிருந்து ஒவ்வொரு குறியாக, ஒப்பிடுகிறது. 1 என்னும் குறி 9-க்கு முன்னால் நிற்பதால், அதன் கணக்கில் 10 என்பது 9-ஐ விடப் பழையது. ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். படிக்காதது என் பிழை.

அவசரத்தில் 010 என்று பெயர் மாற்றினேன். 0 என்னும் குறி 1-க்கும் முன்னால் நிற்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. கடைசியில், செஷன்கள் எல்லாம் முடியும்வரை காத்திருந்து, ஒன்பதாம் பதிப்பை நீக்கிய பிறகே புதிய பக்கம் தெரிந்தது. அப்போது மணி இரண்டரை. இனி எல்லாப் பதிப்புகளுக்கும் முதலிலிருந்தே 001, 002 என்று மூன்று இலக்கம்தான்.